பல மரம் கண்ட தச்சனுக்காக ஒரு வழக்கு

2022 பெப்ரவரி 7, திங்கட்கிழமை. கொரோனாவால் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்த 2021ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை அண்டைக்குத்தான் தொடங்கினது. நான் உயிரியல் பிரிவு, முதல் ஷை. பரீட்சை அனுமதி அட்டையைப் பத்துத் தரம் எடுத்துப் பார்த்துப் பார்த்து அதின்ர மூலை மடிஞ்சு போயிருந்தது.

அதே நாள் பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில டெனிஸ் ஹெர்மான் எண்ட ஜேர்மன் பெண் தங்கப் பதக்கம் வென்றார். அவருக்கு அப்ப 33 வயசு. வென்ற விளையாட்டு பயத்லோன். 27 வயசில, ஒரு ஒலிம்பிக் பதக்கத்தைக் கையில வைச்சுக்கொண்டு, வேற விளையாட்டில இருந்து மாறி வந்தவர்.

எனக்கு இதெல்லாம் அப்ப தெரியாது. பருத்தித்துறையில இருக்கிற ஒருத்திக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும்? எங்கட முனையில அடிக்கிற உப்புக்காத்துத்தான் தெரியும். ஒரு வருசம் கழிச்சு, ரெண்டாம் ஷையும் எழுதிப்போட்டு, முடிவு வர முன்னமே 'இது சரிவராது' எண்டு எனக்குள்ள விளங்கினாப் பிறகுதான் ஜேர்மனியில இருக்கிற சித்தி வட்சப்பில ஒரு வீடியோ அனுப்பினா. அங்க குளிர்காலத்தில சனி ஞாயிறு எண்டா ரி.வி.யில பயத்லோன்தானாம். "இவவைப் பார் பிள்ளை, இவவும் உன்னைமாதிரி மாறினவதான்" எண்டு வொய்ஸ் போட்டிருந்தா.

அந்த வீடியோவைப் பார்த்த அண்டு பின்னேரம் மாமா வீட்டுக்கு வந்தார். நான் கலைப்பிரிவுக்கு மாறி மூண்டாம் ஷை எழுதப்போறன் எண்ட கதை அவருக்கு எட்டியிருந்தது. தேத்தண்ணி வர முன்னமே பழமொழி வந்திட்டுது: "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான், பிள்ளை."

இந்தக் கட்டுரை அந்தப் பழமொழிக்கு எதிரானது.

முதலில விளையாட்டைச் சொல்லுறன், தெரியாத ஆக்களுக்கு. குறொஸ் கன்ட்ரி எண்டு சொல்லுற நெடுந்தூரப் பனிச்சறுக்கில மேடும் பள்ளமுமாகக் கிலோமீற்றர் கணக்கில சறுக்கி ஓட வேணும். இருக்கிற விளையாட்டுகளுக்குள்ள மூச்சை மிக மோசமாகப் பிழியிறதில இதுவும் ஒன்று. பயத்லோனில அதே சறுக்கலோட முதுகில ஒரு துவக்கும் வந்து சேரும். குறைஞ்சது மூண்டரைக் கிலோ. ஓடி வந்து, இதயம் நெஞ்சை உதைக்கிற நேரத்தில, 50 மீற்றருக்கு அப்பால இருக்கிற ஐந்து இலக்கைச் சுட வேணும். படுத்துச் சுடேக்க இலக்கின்ர விட்டம் 45 மில்லிமீற்றர், ஒரு தேசிக்காய் அளவு. நிண்டு சுடேக்க 115 மில்லிமீற்றர், ஒரு சிரட்டையின்ர வாய் அளவு. தவறினால் தண்டனை உண்டு. சில போட்டியில 150 மீற்றர் வட்டம் மேலதிகமாக ஓட வேணும். ஹெர்மான் தங்கம் எடுத்த 15 கிலோமீற்றர் தனிநபர் போட்டியில ஒவ்வொரு தவறுக்கும் முழுசாக ஒரு நிமிசம் கூடும்.

இப்ப அவரின்ர கதை. 1988இல், இன்னும் கிழக்கு ஜேர்மனி எண்ட நாடு இருந்த காலத்தில பிறந்தவர். 2014 சோச்சி ஒலிம்பிக்கில நெடுந்தூரப் பனிச்சறுக்குத் தொடர் ஓட்டத்தில ஜேர்மனிக்கு வெண்கலம் எடுத்த நாலு பேரில ஒருத்தர். 2016இல பயத்லோனுக்கு மாறினார். 2017 டிசம்பரில சுவீடனின்ர ஒஸ்டர்சுண்டில முதல் உலகக் கிண்ண வெற்றி. 2018 ஒலிம்பிக்கில பதக்கம் எதுவும் இல்லை. 2019இல உலக சம்பியன். 2022இல ஒலிம்பிக் தங்கம். 2023 பெப்ரவரியில தன்ர நாட்டிலேயே, ஓபர்ஹோப் உலக சம்பியன்சிப்பில, இன்னொரு தங்கம். அடுத்த மாதமே ஓய்வு. (அந்த ஓபர்ஹோப் நாட்களிலதான் நான் ரெண்டாம் ஷை எழுதிக்கொண்டிருந்தன். இந்தப் பொருத்தத்தைப் பிறகு கண்டுபிடிச்சுத் தனிய இருந்து சிரிச்சனான்.)

மாறினவர்களைப் பற்றி எங்கட சனம் வழமையாக வைக்கிற முதல் குற்றச்சாட்டு: "கஸ்டமானதை விட்டிட்டுச் சுகமானதுக்குப் போயிட்டினம்." ஹெர்மானுக்கும் இதைச் சொல்லலாம். நெடுந்தூரச் சறுக்கலில நோர்வேக்காரிகளை வெல்ல ஏலாது, அதால ஓடிட்டா எண்டு. சரி, பீஜிங்கில நடந்ததைப் பார்ப்பம். அந்தப் போட்டியில சறுக்கல் வேகத்தை விடச் சூட்டுக்குத்தான் விலை அதிகம். ஒரு தவறுக்கு ஒரு நிமிசம். அதாவது மாறி வந்தவர்களுக்கு மிகவும் பாதகமான போட்டி. ஹெர்மான் 20 குண்டில 19ஐ இலக்கில போட்டார். ரெண்டாவதாக வந்த பிரெஞ்சுக்காரிக்கும் அவருக்கும் இடையில 9.4 செக்கன். இன்னொரு குண்டு தவறியிருந்தால் தங்கம் கையில இருந்து போயிருக்கும். தன்ர பலத்தில மட்டும் தொங்கிக்கொண்டு அவர் அந்த மேடையில ஏறேல்லை. 27 வயசில துவக்கைத் தூக்கி, ஆறு வருசம் பழகினதாலதான் ஏறினவர். இதையோ சுகமான வழி எண்டுறியள்?

அவரின்ர காலும் நுரையீரலும் பழைய விளையாட்டில இருந்து வந்தவை. பழையதை எறிஞ்சிட்டு வெறுங்கையோட அவர் வரேல்லை. மாறுறவர் எவரும் அப்படி வாறதில்லை. பல மரம் கண்ட தச்சனுக்கு எந்த மரத்தில உளி எப்பிடி இறங்கும் எண்டு தெரிஞ்சிருக்கும். பூவரசை மட்டும் கண்டவனிட்டப் பனையைக் குடுத்துப் பாருங்கோ, விளங்கும். பழமொழி சொல்லுறவர்கள் தச்சனை மட்டும் கணக்கெடுக்கிறார்கள். அவன் பழகின கையைக் கணக்கெடுக்கிறதில்லை.

எனக்கு நடந்ததையும் சொல்லுறன். நான் இப்ப கலைப்பீடத்தில புவியியல் படிக்கிறன். எங்கட வடமராட்சிக் கிணறுகளில உப்பு ஏறுறதைப் பற்றி ஒரு ஒப்படை செய்தனான். சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இருக்கிற நன்னீரைக் கூட இறைச்சால் கடல்நீர் உள்ளுக்கு வரும் எண்டது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனால் அஞ்சு கிணத்துத் தண்ணியைப் போத்தலில எடுத்து, குளோரைட்டை நியமிப்புச் செய்து அளக்க எங்கட குழுவில ஆருக்குத் தெரிஞ்சிருந்தது? ரெண்டு தரம் உயிரியல் பிரிவில 'கவிண்ட' எனக்கு. உயர்தர இரசாயனவியலில படிச்ச அந்தக் கை இன்னும் மறக்கேல்லை. பக்கத்து வீட்டு அன்ரியின்ர கணக்கில அந்த ரெண்டு வருசமும் வீணாப் போன வருசம். என்ர கணக்கில அதுதான் என்ர நுரையீரல்.

இனி, என்னோட உடன்படுறம் எண்டு நினைக்கிற ஆக்களோடயும் ஒரு சண்டை இருக்கு. "பார்த்தீர்களா, தன்னம்பிக்கை இருந்தால் எந்த வயதிலும் எதையும் சாதிக்கலாம்!" எண்டு பின்னணியில வயலின் போட்டு ரீல்ஸ் செய்யிற ஆக்களைச் சொல்லுறன். பாடசாலைகளுக்கு வந்து ரெண்டு மணித்தியாலம் பேசி, கடைசியில எல்லாரையும் எழுப்பிக் கைதட்ட வைக்கிற ஊக்கப் பேச்சாளர்களையும் சேர்த்துத்தான். அவர்களின்ர வாயில ஹெர்மானின்ர கதை விழுந்தால் என்ன மிஞ்சும்? ஒரு துணிஞ்ச பெண், ஒரு கனவு, ஒரு தங்கம். 2007இல கனிஷ்ட வீராங்கனையாக இருக்கேக்க ஊக்கமருந்துச் சோதனையில கிளென்பியூட்டரோல் அகப்பட்டு ஒரு வருசத் தடை வாங்கினவர் எண்டதைச் சொல்ல மாட்டினம். அது கதையின்ர அழகைக் கெடுத்துப்போடும்.

அதைவிட முக்கியமாக, ஆர் சம்பளம் குடுத்தது எண்டதைச் சொல்ல மாட்டினம். ஜேர்மனியில பனி விளையாட்டுக்காரர் கனபேர் இராணுவத்திலயோ, பொலிசிலயோ, சுங்கத்திலயோ அரச ஊழியராகப் பதிவில இருப்பினம். மாதம் முடிய சம்பளம் வரும். பயிற்சியாளர், வைத்தியர், சறுக்குப் பலகைக்கு மெழுகு பூச ஒரு ஆள் எண்டு ஒரு படையே பின்னால நிற்கும். ஒரு விளையாட்டில இருந்து இன்னொன்றுக்கு மாறேக்க ஒரு வருசம், ரெண்டு வருசம் முடிவு ஒன்றும் காட்ட ஏலாது. அந்த வெறும் காலத்துக்கு அங்க ஒரு ஏற்பாடு இருக்கு. துணிவு அவருடையதுதான், நான் மறுக்கேல்லை. ஆனால் சோத்துக்கு வழி இருந்ததாலதான் அந்தத் துணிவைப் பாவிக்க முடிஞ்சது.

இலங்கையிலயும் விளையாட்டுக்காரருக்குச் சம்பளம் குடுக்கிற இடங்கள் இருக்கு. பெரும்பாலும் முப்படையும் பொலிசும்தான். தேசிய அணிகளில கனபேரின்ர பேருக்கு முன்னால ஒரு பதவி நிலை இருக்கும். எங்கட ஊர்ப் பிள்ளையளுக்கு அந்த வாசல் எப்படிப்பட்ட வாசல் எண்டு இந்த வலைப்பூவை வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதுக்குள்ள போகாதவனுக்கு வேற என்ன வாசல் இருக்கு?

எங்கட சொந்தத்துக்குள்ள ஒரு அண்ணா இருக்கிறார். பாடசாலைக் காலத்தில 100 மீற்றர், 200 மீற்றர். எப்பவும் நாலாவது. கோலூன்றிப் பாய்தலைப் பழகிப் பார்க்க ஆசைப்பட்டவர். வேகமாக ஓடி வாறவனுக்கு அதில பாதி வேலை முடிஞ்ச மாதிரி. யாழ்ப்பாணத்தில அந்த விளையாட்டுக்கு நல்ல மரபும் இருக்கு, தேசிய மட்டத்தில வென்ற பிள்ளையள் இருக்கினம். ஆனால் அவரின்ர பாடசாலையில கோலும் இல்லை, விழ மெத்தையும் இல்லை. "உள்ளதை ஒழுங்காச் செய், கண்டதுக்கும் ஆசைப்படாத" எண்டது பதில். இப்ப அவர் ஓட்டோ ஓடுறார், நல்லாத்தான் இருக்கிறார். நான் சொல்ல வாறது இவ்வளவுதான்: அவர் ஒரு மரத்தோட நிண்டது தன்ர விருப்பத்தில இல்லை. அடுத்த மரத்தை ஆரும் அவருக்குக் காட்டேல்லை. பிறகு 'நிலைச்சு நிண்டவன்' எண்டு புகழ்ந்தால் என்ன, 'நாலாவதுக்கு மேல வராதவன்' எண்டு இகழ்ந்தால் என்ன, ரெண்டும் ஒரே பொய்தான்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேணும், இல்லாட்டி நானும் ரீல்ஸ் செய்யிற ஆளாகிப் போவன். ஸ்டீனா நில்சன், சுவீடன். 2018 ஒலிம்பிக்கில நெடுந்தூரப் பனிச்சறுக்கின்ர குறுந்தூரப் போட்டியில தங்கம். உச்சத்தில நிண்டுகொண்டே 2020இல பயத்லோனுக்கு மாறினார். ஹெர்மானுக்கு நடந்தது அவருக்கு நடக்கேல்லை. பயத்லோனில ஒலிம்பிக் பதக்கம் இல்லை. கடைசியில பழைய விளையாட்டுக்கே திரும்பினார். எங்கட ஊரில இருந்திருந்தால் அவரை ஒழுங்கையால நடக்க விட்டிருப்பினமோ? "தங்கத்தை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்" எண்டு சந்தைக்குள்ள வைச்சே சொல்லியிருப்பினம். ஆனால் அவர் திரும்பி வர ஒரு இடம் இருந்தது. மாறுற உரிமை எண்டு நான் கேக்கிறதுக்குள்ள இதுவும் அடக்கம்: மாறிப் பார்த்து, சரிவராமல், திரும்பி வாற உரிமை. வென்றவர்களுக்கு மட்டும் மாற்றத்தை மன்னிக்கிறது எண்டால் அது மன்னிப்பே இல்லை, பதக்கத்துக்குப் போடுற கும்பிடு.

இவ்வளவும் மாமாவுக்குச் சொன்னால் "அது வெள்ளைக்காரன்ர ஊர், பிள்ளை" எண்டுவார். சரி, எங்கட ஊருக்கே வாறன்.

உலகத்தில இவ்வளவு துறை மாறின சனம் வேற எங்க இருக்கு? சித்தப்பா இஞ்ச கணக்கு வாத்தியார். ஜேர்மனிக்குப் போய் றெஸ்ரோறன்ற் குசினியில கோப்பை கழுவினவர், பிறகு ஒரு களஞ்சியசாலையில வேலை, முப்பத்தைஞ்சு வயசுக்கு மேல புது மொழி. அவரை ஆரும் 'கணக்கு வராமல் கோப்பை கழுவப் போனவர்' எண்டு சொன்னதில்லை. காசு வந்தது, அதால கதை வரேல்லை. 2022இல மண்ணெண்ணெய் இல்லாமல் போட்டுகள் கரையில கிடந்த நேரம் எங்கட கரையில எத்தினை பேர் மேசன் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போனவை? அவர்களைப் பார்த்துப் பழமொழி சொல்ல ஆருக்கும் வாய் வரேல்லை. யுத்தத்தால மாறலாம், பசியால மாறலாம், ஏஜென்சிக்காரனால மாறலாம். ஒரு பிள்ளை தானாக யோசிச்சு, 'எனக்கு இது சரிவரேல்லை, அது சரிவரும்' எண்டு மாறினால் மட்டும் அது கேவலம். அடிச்சுத் துரத்தினால் மரியாதை, விரும்பிப் போனால் அவமானம். இது என்ன நியாயம்?

பருத்தித்துறையில இருந்து கொஞ்சத் தூரத்தில வல்வெட்டித்துறை. அங்க பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தனை எல்லாரும் கொண்டாடுறம். 1971இல பாக்கு நீரிணையை 51 மணித்தியாலத்தில நீந்திப் போய்த் திரும்பினவர். படிச்சது சட்டம். கின்னஸ் சாதனைகளின்ர பட்டியலைப் பாருங்கோ: நீச்சல், இடைவிடாத சைக்கிள் ஓட்டம், ருவிஸ்ட் நடனம், ஒற்றைக் காலில நிற்கிறது. 1984இல ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போன இடத்தில உயிர் போனது. எத்தினை மரம் கண்ட தச்சன் அவர்? இண்டைக்கு ஒரு பெடியன் வீட்டில வந்து, "நான் சட்டம் படிச்சிட்டன், இனி டான்ஸ் ஆடிச் சாதனை செய்யப்போறன்" எண்டு சொன்னால், அவருக்கு மாலை போடுற அதே கைதான் அந்தப் பெடியனின்ர கன்னத்தில விழும்.

இனிப் பரீட்சைக்கு வாறன், என்ர கோவத்தின்ர வேர் அங்கதான் இருக்கு. எங்கட நாட்டில பதினாறு, பதினேழு வயசில, சாதாரணதர முடிவு வந்த கையோட ஒரு பிள்ளை பிரிவைத் தெரிய வேணும். தெரியிறது பிள்ளை எண்டு சொன்னாலும் தெரியிறது வீடும் ரியூசன் விளம்பரமும்தான். பிறகு பல்கலைக்கழகத்துக்கு எண்டால் மொத்தம் மூண்டு தடவை. பிரிவு மாறினாலும் அந்த எண்ணிக்கை தொடரும். புதுப் பாடத்துக்குப் புதுக் கணக்கு இல்லை. நான் கலைப்பிரிவுக்கு வரேக்க என்ர கையில இருந்தது ஒரே ஒரு குண்டு. ஹெர்மானுக்குக் கூட ஒரு போட்டியில இருபது குண்டு குடுத்தவை.

அதோட, கலைப்பிரிவு எண்டது எங்கட ஊரில ஒரு துறையின்ர பேரே இல்லை, அது ஒரு தீர்ப்பு. "ஆர்ட்ஸோ?" எண்டு கேக்கிற அந்த 'ஓ'வை 750 பஸ்ஸில இண்டைக்கும் கேக்கிறன். கெட்டிக்காரர் மேல, மிச்சம் கீழ எண்டு ஒரு ஏணியைக் கட்டி வைச்சிருக்கிறம். ஏணியில பக்கத்துக்குப் போக வழியில்லை. ஏறலாம், இல்லாட்டி விழலாம். அதாலதான் மாறுற ஒவ்வொருத்தரும் விழுந்தவராகத் தெரியினம். எனக்குத் தெரிஞ்சு உயிரியலிலயும் கணிதத்திலயும் மூண்டு தரமும் முடிச்சு, மாறப் பயந்து, வெளிக்கிட்டுப் போன பிள்ளையள் எத்தினையோ. அவர்களுக்கு மூளை இல்லாமல் இல்லை. மாறினால் சனம் என்ன சொல்லும் எண்ட பயம் வெட்டுப்புள்ளியை விடப் பெரிசாக நிண்டது.

வெறுமனே திட்டிப்போட்டுப் போக நான் இதை எழுதேல்லை. மூண்டு விசயம் கேக்கிறன். ஒன்று, பிரிவு மாறுற பிள்ளைக்குத் தடவைக் கணக்கைப் புதிசாகத் தொடங்குங்கோ. இடம் போதாது, போட்டி கூடும் எண்டுவினம். அப்ப மேலதிகமாக ஒரு தடவையாவது குடுங்கோ. ரெண்டு, பாடசாலை விளையாட்டில ஒரு பிள்ளையை இல்லப் போட்டிப் புள்ளிக்காக ஒரே நிகழ்ச்சியில கட்டி வைக்காமல், வருசத்துக்கு ஒருக்காலாவது வேற நிகழ்ச்சிகளில போட்டுப் பாருங்கோ. கோல் இல்லாத பாடசாலை, கோல் இருக்கிற பாடசாலையிட்டப் பிள்ளையை அனுப்பட்டும். வலயத்துக்குள்ளயே செய்யக்கூடிய வேலை இது. மூண்டாவது வீட்டுக்கு. மாறி வாற பிள்ளைக்கு ஒரு வருசம் குடுங்கோ. அந்த வருசத்தில முடிவு கேக்காதேயுங்கோ, கலியாண வீட்டில மற்றப் பிள்ளையளின்ர இசட் ஸ்கோரைச் சொல்லிக் காட்டாதேயுங்கோ. எங்களுக்குச் சுங்கத் திணைக்களம் சம்பளம் குடுக்காது. எங்கட வெறும் காலத்துக்கு இருக்கிற ஒரே ஏற்பாடு வீடுதான்.

என்ர வீட்டில அம்மா அதைத் தந்தா. தையல் மெசினில இருந்துகொண்டு, மாமா பழமொழி சொல்லி முடிய, தலை நிமிராமல் அவ சொன்னது: "அண்ணை, ஒரு சட்டை பிழைச்சால் பிரிச்சுத் தைக்கிறேல்லையே? துணியை எறியிறமே?" மாமா தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சிட்டுப் போயிட்டார். இப்பவும் வருவார். போன கிழமை வந்தவர், தங்கட கிணத்துத் தண்ணியும் உவர்க்குது எண்டு ஒரு போத்தலில கொண்டுவந்து வைச்சிட்டு, "உதையும் ஒருக்காப் பார், பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டுப் போறார்.

பார்க்கிறன், மாமா. எனக்கு நேரம் குடுங்கோ.